புதிரில் வரும் மேட் ஆட்டத்தில் ஏன் வருவதில்லை?

"சார், புதிர் ரேட்டிங் 1900 தாண்டிட்டான். டோர்னமென்ட் போனா மட்டும் தோத்துட்டு வர்றான்." செஸ் சொல்லித்தரும் என்னிடம் அடிக்கடி வரும் புகார் இது. புதிர் என்றால், பலகையில் ஒரு நிலையைக் காட்டி வெல்லும் நகர்த்தலைக் கண்டுபிடிக்கச் சொல்வது. அதில் எவ்வளவு தேறுகிறான் என்பதற்கான மதிப்பெண்தான் ரேட்டிங்.

பையனைப் பலகை முன் உட்காரவைத்தால் பத்து நிமிஷத்தில் காரணம் தெரிந்துவிடும். 'இரண்டு நகர்த்தலில் மேட்' (ராஜா தப்ப வழியில்லாமல் மாட்டி ஆட்டம் முடிவது) என்று மேலே எழுதியிருந்தால் பட்டென்று போட்டுவிடுவான். அதே நிலையை ஒன்றும் சொல்லாமல் வைத்தால் முழிப்பான். அந்தத் தலைப்பே பாதி விடை! மேட் இருப்பது உறுதி என்றால், கண்ணில் படுகிற செக்கையெல்லாம் (ராஜாவை நேராகத் தாக்கும் நகர்த்தல்களை) ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். தப்பினால் ரேட்டிங் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இப்படி நூறு புதிர் போட்டவன் கற்றுக்கொண்டது கணக்கிடுவதை அல்ல, ஊகிப்பதை.

என் மாணவன் ஒருவனின் ஆட்டத்தையே சொல்கிறேன். வெள்ளைக்காய் அவனுடையது. கட்டங்களுக்கு அவன் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண். எதிராளியின் ராஜா கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது) முடித்து ஜி8-ல் நிற்கிறது. இவனுடைய பிஷப் டி3-ல், குதிரை எஃப்3-ல், ராணி டி1-ல். பிஷப்பைக் கொடுத்து எச்7 சிப்பாயை வெட்டினான். ராஜா பிஷப்பை வெட்டியது. குதிரை ஜி5-க்குப் போய் செக். ராஜா ஜி8-க்குத் திரும்பியது. ராணி எச்5-க்கு வந்தது. அடுத்து எச்7-ல் மேட். 1600-களின் தொடக்கத்தில் இத்தாலிய செஸ் ஆட்டக்காரர் கிரேக்கோ எழுதிவைத்த ஆட்டங்களிலேயே இருக்கும் பழைய பலி இது. புதிர்களில் இதை எத்தனை தடவை பார்த்திருப்பானோ!

ஆனால் இந்த ஆட்டத்தில் எதிராளியின் ஈ6 சிப்பாய் எப்போதோ வெட்டுப்பட்டிருந்தது. சி8 பிஷப் நிதானமாக எஃப்5-க்கு வந்து எச்7-ஐக் காத்துக்கொண்டது. பிஷப் போச்சு, தாக்குதலும் போச்சு. எச்7-க்கு யார் காவல் வர முடியும், ராஜா ஜி6 பக்கம் ஓடினால் என்ன செய்வது என்று பலிக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். "பார்த்தியா?" என்றேன். "பேட்டர்ன் வந்துச்சு சார், அதான் போட்டேன்" என்றான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. புதிர் எப்போதும் கதையின் கடைசிப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. 1858-ல் பாரிஸ் ஆபரா அரங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 16-வது நகர்த்தலில் ராணியை பி8-ல் பலி கொடுத்து, 17-ல் யானையை டி8-ல் வைத்து மேட். புதிராக வருவது இந்த இரண்டு நகர்த்தல்தான். நான் வகுப்பில் நிறுத்துவது 14-வது நகர்த்தலில். அதற்கு முந்தைய நகர்த்தலில்தான் ஒரு யானையைக் கொடுத்திருந்தார். இப்போது மூலையில் சும்மா நின்ற இன்னொரு யானையை டி1-க்குக் கொண்டுவருகிறார். செக் இல்லை, வெட்டு இல்லை. செக்கை மட்டுமே தேடிப் பழகிய பிள்ளைக்கு இந்த நகர்த்தல் கண்ணில் படவே படாது. மேட் விழும்போது பலகையில் மார்ஃபிக்கு ராஜாவும் சிப்பாய்களும் தவிர ஒரு யானையும் ஒரு பிஷப்பும்தான் மிச்சம். இரண்டுக்கும் மேட்டில் வேலை இருந்தது.

லிச்செஸ் என்ற இணைய செஸ் தளத்தில் மூன்று நிமிஷத்தில் முடிந்தவரை புதிர் போடும் விளையாட்டு இருக்கிறதே, அதை நான் தடுப்பதில்லை. ஜாலிக்கு நல்லது. பயிற்சிக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். அப்புறம், தலைப்பு வாரியாகப் பிரித்த புதிர்களைவிடக் கலந்து வருபவை மேல். காயைத் தொடுவதற்கு முன் ராஜா ஓடக்கூடிய கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். எதிராளியின் ஒவ்வொரு பதிலுக்கும் தன் பதிலை நோட்டில் எழுதட்டும். நாளுக்கு ஐந்து போதும். பெற்றோர் "இன்னைக்கு எத்தனை போட்ட?" என்று கேட்காமல், ஒன்றைப் பலகையில் வைத்து விளக்கச் சொன்னால் போதும்.

நான் வீட்டுக்குக் கொடுக்கும் பத்து நிலைகளில் மூன்று நான்கில் மேட்டே இருக்காது. அந்த பிஷப் பலியைத்தான் கொடுப்பேன், எங்கோ ஒரு சிப்பாயை மட்டும் எடுத்துவிட்டு. மறுநாள் முதல் ஆள் வந்து "சார், ஏழாவது தப்பு, மேட் வரல" என்பான்.

"எந்தக் காய் தடுக்குது? எழுதிட்டு வா."