லைவ் தெரிவதும் பதிவாவதும் ஒன்றல்ல

வீட்டில் திருட்டு நடந்த மறுநாள் வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. "கேமரா நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது, அந்த ஒரு மணி நேரக் காட்சியை மட்டும் எடுத்துக் கொடுங்கள்" என்கிறார்கள். மெமரி கார்டைச் சோதித்தால் கடைசிப் பதிவு பல மாதங்களுக்கு முந்தையதாக இருக்கிறது. அழிந்த பதிவைச் சில வேளைகளில் மீட்கலாம். பதிவாகவே இல்லாததை யாராலும் மீட்க முடியாது. இந்த வாரமும் அப்படியொரு அழைப்பு வந்ததால் இதை எழுதுகிறேன்.

செயலியைத் திறந்தால் லைவ் தெரிகிறது, ஆகவே எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையைப் போல் வைஃபை கேமரா வைத்திருப்பவர்களைக் கவிழ்ப்பது வேறில்லை. லைவ் என்பது நீங்கள் கேட்கும்போது கேமரா உங்கள் கைபேசிக்கு அனுப்பும் படம். அதற்கு மெமரி கார்டும் தேவையில்லை, கிளவுட் சந்தாவும் தேவையில்லை. கார்டு செத்துப்போயிருந்தாலும், சந்தா முடிந்துபோயிருந்தாலும், படம் பளிச்சென்று தெரியும். இரவும் பகலும் எழுதி அழிக்கப்படும் கார்டு தேய்ந்துபோவது இயல்பு, ஆனால் அதைப் பற்றிச் செயலி காட்டும் சிறு எச்சரிக்கையை, சிலந்தி வலைக்கும் பூச்சிக்கும் வந்து குவியும் அறிவிப்புகளால் சலித்துப்போய் நீங்களே முடக்கி வைத்திருப்பீர்கள். மின்வெட்டுக்குப் பிறகு இணையம் கிடைக்காமல் கேமராவின் கடிகாரம் 1970 ஜனவரி 1க்குப் போய்விடுவதும் உண்டு; அப்போது காட்சி கார்டில் இருந்தும், தேதி போட்டுத் தேடுபவருக்குக் கிடைக்காது.

பேட்டரி கேமராக்களில் பெரும்பாலானவை இடைவிடாமல் பதிவு செய்பவையும் அல்ல. அவை உறங்கிக் கிடந்து, உடல் வெப்பம் நகர்வதை உணர்ந்த பிறகே விழிக்கின்றன. அதற்குள் வந்தவர் கேமராவைக் கடந்துவிட்டால் பதிவில் முதுகு மட்டுமே மிஞ்சும். குறுக்கே நடப்பவரை எளிதில் உணரும் அந்த சென்சார், நேராகக் கேமராவை நோக்கி வருபவரை அவ்வளவு விரைவில் உணர்வதில்லை. உடல் வெப்பம் ஜன்னல் கண்ணாடியை ஊடுருவாது என்பதால், கேமராவை வீட்டுக்குள் வைத்துக் கண்ணாடி வழியாக வாசலைக் காவல் காக்கச் சொல்வதில் பயனில்லை.

சோதனையைப் பகலிலேயே முடித்துக்கொள்வது அடுத்த தவறு. பிளக் எட்டவில்லை என்று மெல்லிய யுஎஸ்பி வயரை 10 மீட்டர் வரை நீட்டிவிடுகிறார்கள். பகலில் ஒரு குறையும் தெரியாது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி மின்னோட்டம் கூடும். வயரின் மறுமுனையில் முழு 5 வோல்ட் கிடைக்காமல், கேமரா அணைந்து அணைந்து மீண்டும் தொடங்கும். காலையில் டெக்னீஷியன் வந்து பார்க்கும்போது அது நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, இரவுப் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் மிகுவதால் அதே காட்சிக்குக் கூடுதல் டேட்டாவும் தேவைப்படும்.

சிக்னலைப் பொறுத்தவரை, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் எடுத்துவிட்டு என்னிடம் காட்டாதீர்கள். கேமரா இருக்கும் இடத்தில், அப்லோடு வேகத்தைப் பாருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அனைத்தும் அவற்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. வைஃபை இணைப்பை வெளியிலிருந்தே துண்டிக்கும் கருவிகளும் இருக்கின்றன. அதில் ஒரு வகைத் தாக்குதலைத் தடுக்கும் பாதுகாப்பு, வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-இல் கட்டாயம் என்பதால், வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

மாதம் ஒருமுறை, இரவில், வாசலில் நீங்களே நடந்து பாருங்கள். பிறகு லைவைத் தொடாமல், பதிவைத் திறந்து உங்கள் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். இடைவிடாப் பதிவுக்கென்றே விற்கும் கார்டை வாங்குங்கள். பேட்டரி கேமராதானே என்று இருந்துவிடாமல் ரவுட்டருக்கும் யுபிஎஸ் கொடுங்கள், ஏனெனில் மின்சாரம் போனால் முதலில் சாவது ரவுட்டர்தான். சுவரில் துளையிட மனம் வராததால்தான் பலர் வயர்லெஸ் கேமராவை நாடுகிறார்கள் என்பது தெரியும். இருந்தாலும் தயவுசெய்து தலைவாசல் கேமரா ஒன்றுக்காவது லேன் வயர் இழுத்துவிடுங்கள். பிஓஇ வகையாக இருந்தால் மின்சாரமும் படமும் அந்த ஒரே வயரில் போகும், துளையும் ஒன்றே போதும்.