சுட்ட தோட்டாவை விடுவிக்கும் பித்தளை

புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் ரைஃபிளைப் படத்தில் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "உள்ளே அவ்வளவு பெரிய வெடிப்பு நடக்கிறதே, தோட்டாவின் பித்தளைக் கூடு சுவரோடு ஒட்டிக்கொள்ளாதா? பின்பக்கம் பூட்டி நிற்கும் போல்ட்டை இழுத்ததும் எப்படிச் சுலபமாக வெளியே வந்து விழுகிறது?"

அருமையான கேள்வி. பழைய ஐரோப்பிய வேட்டை ரைஃபிள்களைச் சேகரிப்பவர்கள் குழலைப் பற்றியும் வால்நட் கட்டையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கென்னவோ, அந்தத் துப்பாக்கியோடு தொடர்புடைய பொருள்களில் மிக அழகானது சுட்ட பிறகு தரையில் விழும் அந்தக் கூடுதான்.

சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக 1907இல் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரைஃபிள் அது. ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் மவுசர் ஆலை செய்த போல்ட் அமைப்பை வைத்து ரிக்பி என்ற பிரிட்டிஷ் துப்பாக்கி நிறுவனம் கட்டியது. தோட்டாவின் பெயர் 7×57: குண்டு 7 மில்லிமீட்டர் ரகம், கூட்டின் நீளம் 57 மில்லிமீட்டர். ரிக்பிக்காரர்கள் இதையே அங்குலக் கணக்கில் .275 என்று அழைத்தார்கள்.

விசையை இழுத்தால் ஊசி, கூட்டின் அடியில் தீப்பொறி கிளப்பும் கேப்பைத் தட்டும், மருந்து எரியும், வாயு குண்டைத் தள்ளும். இதெல்லாம் தெரிந்த கதை. தெரியாதது அழுத்தத்தின் அளவு. இந்தத் தோட்டாவுக்கு ஐரோப்பிய விதி வைத்திருக்கும் உச்ச வரம்பு 3,900 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போலச் சுமார் 3,900 மடங்கு. கூட்டின் மெல்லிய சுவரால் இதைத் தனியாகத் தாங்கவே முடியாது. தாங்குவது தோட்டாவைச் சுற்றியிருக்கும் எஃகு அறை, அதாவது குழலின் பின்முனை. கூடு உப்பி அந்த எஃகின் மேல் போய் அப்பிக்கொள்கிறது, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துவிடுகிறது. சரி, அப்பியது எப்படி விடுபடுகிறது?

எந்த உலோகமும் கொஞ்சம் ரப்பர்தான். ஓர் எல்லை வரை இழுத்துவிட்டால் பழைய அளவுக்கே திரும்பும். எல்லையைத் தாண்டினால் நிரந்தரமாக நீண்டுவிடும். ஆனால் அப்படி நீண்ட பிறகும், விட்டதும் ஒரு சிறு அளவு பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கூடு அறைச் சுவரைத் தொடும்போதே தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதே நேரத்தில் எஃகு அறையும் விரிகிறது, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. ஆனால் அது தன் எல்லைக்குள்தான் நிற்கிறது. குண்டு வெளியேறி அழுத்தம் விழுந்ததும் இரண்டும் சுருங்குகின்றன. எஃகு தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது. பித்தளையின் விறைப்பு எஃகில் ஏறக்குறைய பாதிதான், எனவே ஒரே அளவு பலத்துக்கு அது இரண்டு மடங்கு நீளும், விட்டால் இரண்டு மடங்கு சுருங்கும். எஃகைவிடக் கூடுதலாகப் பின்வாங்கி, நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஓர் இடைவெளியைத் திறந்து விடுகிறது. கூடு கழல்கிறது!

இந்த ஓட்டப்பந்தயத்தில் பித்தளை ஜெயிப்பது மயிரிழையில். மருந்து அளவு மீறினால் எஃகு இன்னும் அதிகமாக விரியும், திரும்பி வரும்போது கூட்டைக் கவ்விப் பிடிக்கும். போல்ட் பிடியைத் தூக்கவே கை வலிக்கும். சுட்ட கூட்டில் தாங்களே மருந்து நிரப்பும் கைத்தயாரிப்புத் தோட்டாக்காரர்கள் "போல்ட் இறுகுகிறது" என்று சொன்னால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். இறுகவில்லை என்பதால் பாதுகாப்பு என்று மட்டும் நினைக்கக்கூடாது. "பழைய ஜெர்மன் எஃகு, எதையும் தாங்கும்" என்ற பேச்சு சேகரிப்பாளர்களிடம் உண்டு. இது மூடநம்பிக்கையேதான். 1898க்கு முந்தைய மவுசர்களில், பிற்கால மாதிரியில் வந்த, போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் மூன்றாவது பாதுகாப்புப் பல்லே கிடையாது.

பித்தளை நன்றாகப் பின்வாங்க வேண்டுமானால் அது இறுகியதாக, அதாவது கடினமானதாக, இருக்க வேண்டும். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கொண்ட இந்தக் கலவையைத் தகட்டிலிருந்து கிண்ணமாக அழுத்தி, கிண்ணத்தைக் குழாயாக இழுத்துக் கூடு செய்கிறார்கள். இழுக்க இழுக்க உலோகம் இறுகும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் விறைத்துப்போய் முறிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். எனவே அடிப்பகுதியை இறுக்கமாகவே விட்டு, கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டி மென்மையாக்குகிறார்கள். பல ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் படிந்திருக்கும், அது அந்த நெருப்பின் தடம்.

கூட்டை மறுபடி நிரப்பிச் சுடுபவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. ஒவ்வொரு சுற்றிலும் கழுத்து விரிந்து, அச்சில் அழுந்திச் சுருங்கி, மேலும் இறுகி, ஒரு நாள் நீளவாக்கில் பிளக்கும். அதனால் சில சுற்றுகளுக்கு ஒருமுறை கழுத்தை மட்டும் சூடாக்குகிறார்கள். சூடு அடிப்பகுதிக்கு இறங்கிவிட்டால் அந்தக் கூடு குப்பைக்குத்தான், ஏனென்றால் போல்ட்டின் முகத்தில் அழுத்தத்தை ஏற்று நிற்கும் பகுதி அது. ஜெர்மனியில் இந்த வேலைக்கே தனி வெடிமருந்து உரிமம் வாங்க வேண்டும். அது நியாயமான விதி என்றே நினைக்கிறேன்.

அப்புறம், சுடாமலேயே பிளந்த தோட்டாக்களின் கதை. அது நடந்தது இந்தியாவில். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், குண்டைக் கவ்வும் கழுத்தருகே விரிசல்! பருவமழையோடு வந்ததால் 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் 1921இல்தான் விளங்கியது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் கண்டுபிடித்தது இதுதான்: குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஈரத்தில் கரைந்து, இழுத்துச் செய்த பித்தளைக்குள் உறைந்திருந்த இறுக்கத்தோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறது. இறுக்கம் மட்டும் இருந்தால் விரிசல் இல்லை, அம்மோனியா மட்டும் இருந்தாலும் இப்படிப் பிளக்காது. இரண்டும் சேர்ந்தால் உலோகத்தின் மணிகளுக்கு, அதாவது அதை ஆக்கும் நுண்படிகங்களுக்கு, இடையே விரிசல் ஊர்ந்து போகும். இதற்குத் தீர்வு கழுத்தைச் சூடாக்குவதுதான், இறுக்கம் தளர்ந்துவிடும்.

லாயத்து நாற்றத்தைத் துரத்திப் போன அந்த ஆராய்ச்சி மின் நிலையங்களுக்கும் உதவியது, ஏனென்றால் அங்கே நீராவியைக் குளிர்விக்கும் பித்தளைக் குழாய்களும் இதே காரணத்தால் பிளந்தன. "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டு இப்படிப்பட்ட உலோகவியல் ஆய்வுகளுக்கு நிதியை வெட்டுகிறவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

கூட்டைப் பளபளப்பாக்க அம்மோனியா கலந்த பாலிஷைத் தொடாதீர்கள் என்று கைத்தயாரிப்பாளர்கள் இன்றும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காரணம் அந்த லாயத்தில் நடந்ததுதான்.