என்ன தின்றது என்று உண்மையைச் சொல்லுங்கள்

நான் கால்நடை மருத்துவர். காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை வந்த போன், அந்த வாரத்தில் மூன்றாவது. முதல் இரண்டு மாடுகளும் பிழைத்துக்கொண்டன. மூன்றாவது எட்டு மாதச் சினை. கட்டுத்தறியில் கால் நீட்டிப் படுத்திருந்தது. கண்கள் குழிவிழுந்து, பின்பக்கம் முழுக்க மோர் போலக் கழிச்சல்.

“என்னம்மா தின்னுச்சு?”

“எப்பவும் போல வைக்கோலுதான் சார்.”

மறுபடி கேட்டேன், அதே பதில். வாய் வழியாகக் குழாயை விட்டதும் புளிச்ச வாடையோடு சோறு வந்தது. வெல்ல நிறத்தில் சோறு, நடுவில் முழுசாக ஒரு முந்திரிப் பருப்பு. அதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார். மாட்டுப் பொங்கல் சாயங்காலம், மிஞ்சிய பொங்கலை ஒரு அண்டா நிறைய வைத்திருக்கிறார்கள். ஒன்றரை நாள் ஓடிவிட்டது. மதியத்துக்குள் மாடு செத்துப்போனது, வயிற்றில் இருந்த கன்றும்தான்.

என்னுடன் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி வண்டியில் ஏறியதும் கேட்டார்: “சார், எப்படி சார் இத்தனை வருஷம் இந்த வேலையில இருக்கீங்க?” ஐந்தரை வருடப் படிப்பின் கடைசியில் நிற்கிற பையன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு நடுராத்திரி. கன்று போட்டு இரண்டு நாளான பசு, கழுத்தை விலாப் பக்கம் மடக்கிப் படுத்துவிட்டது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்து போகும். கால்சியம் பாட்டிலை மெதுவாக நரம்பில் ஏற்றியபடி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பாட்டில் முடியும் முன்பே ஒரு ஏப்பம் விட்டது. தொடைச் சதை நடுங்கியது. சாணி போட்டது. கொஞ்ச நேரத்தில் பின்னங்காலை ஊன்றி எழுந்து நின்று கன்றைத் தேடியது. செத்துவிட்டதென்று அழுதுகொண்டிருந்த வீடு அது. அந்த ராத்திரி மட்டும் எனக்குப் பல வருடங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சாணியோ, தூக்கம் கெடுவதோ எங்களைச் சோர வைப்பதில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர் கையில் போவதுதான் வீட்டுக்கு வந்த பிறகும் சோறு இறங்கவிடாமல் செய்கிறது.

“நாம சாப்பிடுற சோறுதானே, மாட்டை என்ன பண்ணிடும்?” இதைக் கேட்காத ஊர் இல்லை. தயவுசெய்து கேளுங்கள். நம் வயிறு வேறு, மாட்டு வயிறு வேறு. அதன் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் மெல்ல மெல்லச் செரிக்கின்றன. பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரே நேரத்தில் அண்டா சோறு வைத்தால், அது மளமளவென்று புளித்து அமிலமாகிறது. நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன. ரத்தத்தில் இருக்கும் தண்ணீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. கண் குழிவிழுவது அதனால்தான். சூடான சோறு, பழைய சோறு, சர்க்கரைப் பொங்கல், இட்லி மாவு, கல்யாண வீட்டு மிச்சம், அவிழ்த்துவிட்ட மாடு மூட்டையில் வாய் வைத்த அரிசி, எல்லாம் ஒன்றுதான். கோமாதாவுக்குப் போடுவது புண்ணியம் என்று அன்போடு வைக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஒரு கைப்பிடி வையுங்கள், சாஸ்திரத்துக்கு அது போதும். கழனித் தண்ணியில் நாலு பருக்கை கிடந்தால் பயப்பட வேண்டாம்.

மாடு அதிகமாகத் தின்றுவிட்டது தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நன்றாக நிற்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அந்த நிமிடமே போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அசை போடுவது நின்றால், சாணி புளிச்ச வாடையோடு இளகினால், நடை தள்ளாடினால், ஏற்கனவே தாமதம். நாக்கை இழுத்துப் பிடித்து எண்ணெய் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய், அதனாலேயே சாகும் மாடுகளை வருடா வருடம் பார்க்கிறேன். சமையல் சோடா கொடுக்கலாமா என்றால், எடைக்கு ஏற்ற அளவை எங்களிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

அப்புறம், மறைக்காதீர்கள். திட்டுவேன் என்று பயந்து மறைக்கிறீர்கள், திட்டுவதும் உண்மைதான். ஆனால் சோறு என்று சொன்னால் எனக்கு அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணி நேரத்தில் உயிர் இருக்கிறது.

பத்து நாள் கழித்து அதே அம்மா கூப்பிட்டார். பக்கத்து வீட்டு மாடு அவிழ்த்துக்கொண்டு போய் அரிசி மூட்டையைத் தின்றுவிட்டதாம். “இப்பத்தான் சார், ஒரு மணி நேரம்கூட ஆகல. கால் மூட்டை இருக்கும்.” உடனே போய் வயிற்றைக் கழுவினோம், குளுக்கோஸும் மருந்தும் ஏற்றினோம். மறுநாள் காலை போனபோது வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தது. தம்பி அதன் எதிரில் குந்தி உட்கார்ந்து, ஒரு வாய்க்கு எத்தனை முறை அசை போடுகிறது என்று எண்ணினார்.

“ஐம்பத்திரண்டு சார்” என்றார்.