வலிப்பு நின்ற பிறகும் திரும்பிப் பார்க்காத குழந்தை

வலிப்புக்கு மருந்து உட்கொள்ளும் குழந்தை பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், வேண்டியதைச் சுட்டிக்காட்டாமல் தன் போக்கில் இருந்தால், "மாத்திரைச் சூட்டுல மந்தமா இருக்கான்" என்றே திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சிமார் சொல்வார்கள். மருத்துவர்களில் சிலரும் முதலில் வலிப்பு நிற்கட்டும் என்று தள்ளிவைப்பதுண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. இவை ஆட்டிசத்தின், அதாவது பிறரோடு பழகுவதையும் பேச்சையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி மாறுபாட்டின், அறிகுறிகளாகவும் இருக்கலாம். வலிப்பு உள்ள குழந்தைகளிடம் ஆட்டிசம் மற்றக் குழந்தைகளைவிடப் பல மடங்கு மிகுதியாகக் காணப்படுவதால், அதைத் தனியே சோதித்தறிய வேண்டும். மூளை வளர்ச்சியில் நேர்ந்த ஒரே மாறுபாடு இரண்டுக்கும் வேராக இருக்கலாம். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் மரபணு நோயில் பெரும்பாலோருக்கு வலிப்பும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆட்டிசமும் வருகின்றன. அக்குழந்தைகளின் தோலில் காணப்படும் இலை வடிவ வெளிர் திட்டுகளைத் தேமல் என்று கருதிக் களிம்பு தடவிக்கொண்டிருப்போரும் உண்டு.

மிகுந்த கவனம் வேண்டுவது முதல் ஆண்டில் வரும் சிசு வலிப்பு. உறங்கி எழும் வேளையில் தலை கவிழ்ந்து, கைகள் விரிந்து, நொடிப்பொழுது வெட்டுகளாக அடுத்தடுத்து வரும் இதை, உரம் விழுந்ததாக எண்ணிச் சுளகில் போட்டு உருட்டுவதில் நாட்கள் கழிகின்றன. சிகிச்சை தாமதிக்கத் தாமதிக்க, முகம் பார்த்துச் சிரித்த குழந்தை அதையும் மறந்துவிடக்கூடும்.

அழைத்தும் திரும்பாதது வலிப்பாலா ஆட்டிசத்தாலா என்பதைப் பிரித்தறிய, வீட்டிலேயே பீடி சுற்றியபடி நாள் முழுதும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயின் சாட்சி எங்கள் கருவிகளுக்குக் குறைந்ததன்று. செய்துகொண்டிருந்ததைச் சட்டென நிறுத்தி, சில நொடிகள் வெறித்துவிட்டு, தொட்டாலும் கலையாதிருந்தால் வலிப்பை ஐயுறலாம். விளையாட்டு வண்டியின் சக்கரத்தைச் சுழற்றுவதில் ஆழ்ந்து, தொட்டதும் கலைபவனிடம் நான் தேடுவது ஆட்டிசத்தின் அறிகுறிகளை. கைபேசியில் எடுத்த காணொளி இங்கே பெரிதும் உதவும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை வலிப்பைப் பற்றிச் சொல்லுமேயன்றி ஆட்டிசத்தை உறுதிசெய்யாது.

மாத்திரையின் மீதுள்ள ஐயம் முற்றிலும் பொய்யன்று. வலிப்பு மருந்துகளில் லெவெடிராசெட்டம் சில குழந்தைகளிடம் எரிச்சலையும், பீனோபார்பிட்டோன் அமைதியின்மையையும் உண்டாக்கும். எனினும், மருந்து தொடங்குவதற்கு முன்பே பிள்ளை விரல் நீட்டிக் காட்டினானா என்று கேட்டால், பல வேளைகளில் விடை கிடைத்துவிடும்; அப்போதே காட்டவில்லையென்றால் மாத்திரையின் மேல் பழி போட முடியாது. தாமாகவே மாத்திரையை நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தை மாற்றுவதை மருத்துவரிடம் விட்டுவிட்டு, பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்முறைப் பயிற்சிக்கும் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் இப்போதே கேட்கலாம். வலிப்பு முழுதாக நிற்கும்வரை அவை காத்திருக்கத் தேவையில்லை.