மாரத்தானில் நடந்தால் எவ்வளவு நேரம் போகும்?

மாரத்தானின் ஐந்தாவது கிலோமீட்டரிலேயே ஒருவர் ஓட்டத்தை விட்டுவிட்டு நடந்தால், கடந்து போகிறவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். முடியாமல்தான் நடக்கிறார் என்று நினைப்பு. ஆனால் மூச்சு வாங்கும் முன்பே, கால் கனக்கும் முன்பே, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நடக்கிறவர்களும் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, 1974-இல் புதிதாக ஓட வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது உருவான முறை இது. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம். அதுவும் பந்தயத்தின் தொடக்கத்திலிருந்தே.

நடந்தால் நேரம் போய்விடாதா? போகும்தான். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 52 விநாடி வேகத்தில் ஓடும் ஒருவர், 2.5 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அந்த ஒரு நிமிடத்தில் 100 மீட்டர் போயிருப்பார். அதையே ஓடிக் கடந்திருந்தால் சுமார் 35 விநாடி ஆகியிருக்கும். ஆக, ஒவ்வொரு நடைக்கும் இழப்பு 25 விநாடிதான். 42.195 கிலோமீட்டரில் இப்படி 16 முறை நடக்கலாம். மொத்தம் 400 விநாடி, அதாவது 6 நிமிடம் 40 விநாடி.

இந்த எண்களை நான் சும்மா எடுக்கவில்லை. ஜெர்மனியின் காஸல் நகர மாரத்தானில் ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே சோதித்தார்கள். முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. தொழில்முறை வீரர்கள் அல்லாத 42 பேரில் ஒரு பகுதியினர் நிற்காமல் ஓடினார்கள், மற்றவர்கள் 2.5 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நடந்தார்கள். தொடர்ந்து ஓடியவர்களின் சராசரி 4 மணி 7 நிமிடம் 40 விநாடி. நடந்தவர்களுக்கு 4 மணி 14 நிமிடம் 25 விநாடி. வித்தியாசம் 6 நிமிடம் 45 விநாடி, நம் கணக்குக்கு வெகு அருகில். ஆனால் கணக்கு நிரூபணமாகிவிட்டது என்று துள்ள வேண்டாம். இரண்டு குழுக்களிலும் ஓடியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒரே குழுவுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் அரை மணி நேரம் முன்பின் இருந்தது. புள்ளியியல்படி இந்த ஏழு நிமிடம் ஒரு வித்தியாசமாகவே தேறவில்லை.

நடந்தால் இதயத்தின் சுமை குறையுமா என்பதுதான் அவர்கள் முக்கியமாகக் கேட்ட கேள்வி. குறையவில்லை. இதயத் தசை சிரமப்படும்போது ரத்தத்தில் ஏறும் பொருள்கள் இரண்டு குழுக்களிலும் ஒரே மாதிரிதான் ஏறியிருந்தன. ஆனால் ஓடி முடித்த பிறகு தசை வலியும் அசதியும் நடந்தவர்களுக்குக் கண்கூடாகக் குறைவு. இதயத்துக்கு நல்லது என்று சொல்லி இந்த முறையைப் பரிந்துரைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பலன் கால்களுக்குத்தான்.

கால்களுக்கு என்ன நடக்கிறது? ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் இடையில் இரண்டு பாதங்களும் ஒரு கணம் காற்றில் இருக்கின்றன. அப்புறம் உடல் மொத்தமும் ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. அந்த நேரத்தில் கால் தாங்கும் விசை உடல் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு. நான்கு மணி நேர மாரத்தானில் இப்படி 40,000 அடி அளவுக்கு வைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகி, முழங்கால் மடிந்துவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. தசை நார்களை நுண்ணிய அளவில் அதிகம் கிழிப்பது இந்த வகை வேலைதான். மாரத்தானுக்கு மறுநாள் மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவது கொடுமையாக இருப்பதும் இதனால்தான். நடக்கும்போது ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்கிறது. விசை உடல் எடையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். முன்தொடைக்கு ஒரு நிமிடம் ஓய்வு கிடைக்கிறது.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. நடந்துகொண்டு குடித்தால் தண்ணீர் வயிற்றுக்குப் போகும். ஓடிக்கொண்டே குடித்தால் பாதி சட்டைக்குத்தான். 1975 பாஸ்டன் மாரத்தானில் பில் ராட்ஜர்ஸ் தண்ணீர் குடிக்கவும் ஷூ லேஸ் கட்டவும் பலமுறை நின்றார். அப்படியும் 2 மணி 9 நிமிடம் 55 விநாடியில் வென்றார்.

நேரக் கணக்கு திரும்பும் இடம் 30-ஆவது கிலோமீட்டர். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 2,000 கலோரிக்குத்தான் வரும். 70 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 70 கலோரி செலவு. முழுத் தூரத்துக்கும் கிட்டத்தட்ட 3,000. மிச்சத்தைக் கொழுப்பு கொடுக்கிறது. ஆனால் தொடக்கத்தில் வேகமாக ஓடினால் உடல் சர்க்கரையைத்தான் அதிகம் எரிக்கும். அது தீர்ந்து, அடிபட்ட தொடையும் சேர்ந்துகொண்டால், கடைசி 10 கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் தாமதமாவது சாதாரணம். அதிலேயே 20 நிமிடம் போய்விடும். நடந்தவர் இழந்ததைப் போல மூன்று மடங்கு.

எல்லோருக்கும் இது பொருந்தாது. மூன்று மணி நேரத்தில் முடிப்பவர் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். ஒரு நிமிட நடைக்கு அவர் 34 விநாடி இழப்பார். கடைசிவரை வேகம் குறையாமல் ஓடும் பயிற்சியும் அவருக்கு இருக்கும். ஐந்து, ஆறு மணி நேரக்காரர்களின் கதை வேறு. அவர்களின் சராசரி வேகம் விநாடிக்கு 2 மீட்டருக்குச் சற்று முன்பின். நடைக்கு அது கொஞ்சம் அதிகம், ஓட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2013-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூரத்தையும் போய்ச் சேர வேண்டிய நேரத்தையும் மட்டும் சொல்லிவிட்டு ஆட்களை அவர்கள் விருப்பத்துக்கு விட்டார்கள். 2 முதல் 3 மீட்டர் வேகம் தேவைப்பட்டபோது, யாரும் சொல்லாமலே பலர் கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்தார்கள். அந்த வேகத்தில் உடலுக்குச் செலவு குறைந்த வழியும் அதுதான். ஆறு மணி நேர மாரத்தான்காரர் நடப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் 32-ஆவது கிலோமீட்டரில் கால் இழுத்துக்கொண்ட பிறகு நடப்பது இந்த முறையில் சேராது. நார்கள் அதற்குள் கிழிந்திருக்கும், சர்க்கரை தீர்ந்திருக்கும், நடையும் மணிக்கு 6 கிலோமீட்டரில் இருக்காது. புத்துணர்வோடு இருக்கும் முதல் அரை மணி நேரத்திலேயே தொடங்கிவிடுங்கள். நடக்கப் போகும் முன் கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் சாலை ஓரத்துக்கு வந்துவிடுங்கள், பின்னால் ஓடி வருகிறவர் மோதிவிடக் கூடாது. நிமிடம் முடிந்ததும், போன 25 விநாடியைப் பிடிக்கிறேன் என்று பாயாமல், பழைய வேகத்திலேயே ஓடுங்கள்.