இரவில் உட்கார்ந்துவிடும் சொகுசு கார்

ஜெர்மனியின் பழைய கார் விளம்பரங்களில் ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படும்: வார்ட்டுங்ஸ்ஷ்டாவ். ‘வார்ட்டுங்’ என்றால் பராமரிப்பு. ‘ஷ்டாவ்’ என்றால் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் தேங்கி நிற்பது. எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலைகளெல்லாம் வண்டிக்குள் வரிசைகட்டி நிற்கின்றன என்று பொருள். நேர்மையான ஆள் என்றால் விளம்பரத்திலேயே எழுதிவிடுவார். மற்றவர்களிடம் வாங்குகிறவர்தான் துருவிப் பார்க்க வேண்டும்.

மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ220 எஸ் கிளாஸ் இந்தச் சொல்லுக்கு நல்ல உதாரணம். 1998இல் அறிமுகமாகி 2005 வரை தயாரான வண்டி. அன்று பெரிய நிறுவனத் தலைவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து போனார்கள். இன்று சிறிய புதுக் கார் ஒன்றின் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். உதிரிபாகங்களுக்கு அது பழைய வண்டி என்பது தெரியாது. அவை இன்னும் எஸ் கிளாஸ் விலையில்தான் இருக்கின்றன.

அந்த வண்டியில் பர்ஸை அதிகம் காலி செய்வது ஏர்மேட்டிக் என்ற காற்று சஸ்பென்ஷன். சாதாரண காரில் எஃகுச் சுருள் ஸ்பிரிங் செய்யும் வேலையை இதில் நான்கு மூலையிலும் உள்ள ரப்பர் பைகளில் அடைத்த காற்று செய்கிறது. காற்றா இவ்வளவு எடையைத் தாங்கும் என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து வண்டி 2,000 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 500 கிலோ. பைக்குள் 8 பார் அழுத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). கார் டயரில் இருப்பதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் 500 கிலோவைத் தாங்கச் சுமார் 62 சதுர சென்டிமீட்டர் பரப்பு போதும். காபி டபராவின் வாய் அளவுதான்.

சரி, எஃகு ஸ்பிரிங்கில் என்ன குறை? அதன் விறைப்பு மாறாது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் தாங்க வேண்டுமே என்று விறைப்பாக வைத்தால், ஒருவர் தனியாக ஓட்டும்போது ஒவ்வொரு குழியும் முதுகுக்குத் தெரியும். காற்றுப் பையில் கதை வேறு. எடை ஏறினால் வண்டி சற்று அமுங்கும். உயரத்தை அளக்கும் சென்சார் அதைக் கவனித்துச் சொல்லும். கம்ப்ரசர் இன்னும் கொஞ்சம் காற்றை ஏற்றிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரும். இப்போது பையின் அழுத்தம் கூடியிருக்கிறது, அதோடு விறைப்பும் கூடியிருக்கிறது, ஏறக்குறைய எடை கூடிய அதே விகிதத்தில். அதனால் வண்டி ஆடும் கதி ஒருவர் இருந்தாலும் ஐவர் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேகமாகப் போகும்போது காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டு வண்டி தன்னைத் தாழ்த்திக்கொள்ளவும் செய்யும். எதிர்க்காற்றின் இழுவை குறையும். அழகான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் எஃகுச் சுருள் சும்மா கிடந்தே வண்டியைத் தாங்கும். காற்றுப் பைக்கு ஆள் வைத்துக் கவனிக்க வேண்டும். ஓட்டத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர் ஒரே இடத்தில் மடிந்து விரிகிறது. வெயில், குளிர், ஓசோன் எல்லாம் சேர்ந்து ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்க, மடிப்பில் மயிரிழை விரிசல் விழும். காற்று மெல்லக் கசியத் தொடங்கும். பகலில் ஒன்றும் தெரியாது, கம்ப்ரசர் சமாளித்துவிடும். இரவு நிறுத்திவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் வண்டியின் ஒரு மூலை உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஸ்டார்ட் செய்தால் அரை நிமிடத்தில் எழுந்துகொள்கிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிடுவார்கள். கம்ப்ரசர் விட்டு விட்டுச் சற்று நேரம் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட சின்ன மோட்டார். காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்பது சைக்கிள் பம்ப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடினால் அந்தச் சூட்டில் பிஸ்டன் வளையம் தேயும். தேய்ந்தால் அழுத்தம் குறையும், குறைந்தால் இன்னும் நீண்ட நேரம் ஓட வேண்டும்.

ஈரம் இன்னொரு சிக்கல். உள்ளே வரும் காற்றை உலர்த்த ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த குடுவை ஒன்று இருக்கிறது. வண்டி தாழும்போது வெளியேறும் உலர்ந்த காற்று அந்த மணிகள் வழியே திரும்பிப் போய் அவற்றைக் காயவைக்கும். பை கிழிந்திருந்தால் காற்று அந்த வழியாகப் போவதே இல்லை. மணிகள் ஊறிப்போய், ஈரம் வால்வுகள் வரை போய்ச் சேரும். கடைசியில் ரிலே, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச். மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதன் முனைகளில் பொறி பறக்கும். ஒருநாள் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் மோட்டாரை நிறுத்த ஆளில்லை, எரியும்வரை ஓடும். ஆக, ஒரு பையை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். இப்போது பை, கம்ப்ரசர், வால்வு, ரிலே என்று பில் நீள்கிறது.

எஸ்600 போன்ற உயர் மாடல்களில் காற்றுக்குப் பதிலாகச் சுமார் 200 பார் அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் ஏபிசி (ஆக்டிவ் பாடி கன்ட்ரோல்) என்ற சஸ்பென்ஷன் முறை இருக்கும். அதில் ஒரு குழாய் போனாலே பெரிய செலவு. அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது என்பேன்.

கியர்பாக்ஸில் வேறொரு வேடிக்கை. 722.6 என்ற ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் வந்தபோது அதன் எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்றார்கள். அளவு பார்க்கும் குழாய் இருக்கும், உள்ளே குச்சி இருக்காது. பிறகு நிறுவனமே எண்ணெயை மாற்றச் சொல்லிவிட்டது. அந்தப் பெட்டிக்குள் வயர் நுழையும் இடத்தில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அது இறுகிப்போனால் எண்ணெய் கசிந்து, விளக்குத் திரியில் ஏறுவதுபோல் வயரின் இழைகளுக்கிடையே ஏறி, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்விடும். சில்லறைக் காசு பெறாத வளையம். அது காவல் காப்பதோ விலை உயர்ந்த பெட்டியை.

மற்றவை வழக்கமான செலவுகள்தான், எண்ணிக்கை மட்டும் அதிகம். எஸ்500இன் எட்டு சிலிண்டருக்குப் பதினாறு ஸ்பார்க் பிளக், எஸ்600இன் பன்னிரண்டு சிலிண்டருக்கு இருபத்துநான்கு. துரு பிடித்த சக்கர வளைவுகளையும் கதவு அடிப்பகுதிகளையும் பெயின்ட்டின் பளபளப்பில் மயங்காமல் குனிந்து பார்க்க வேண்டும்.

பைகளே வேண்டாம் என்று எஃகு ஸ்பிரிங் மாட்டிக்கொள்வோரும் இருக்கிறார்கள். வண்டி உட்காராது, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குக்கு ஏதாவது வழி பண்ண வேண்டும், அந்த மிதக்கும் ஓட்டமும் போய்விடும். அதற்காகத்தான் வாங்கினோம் என்றால் இது வீண். பணம் ஒதுக்கி வைத்துக்கொண்டு புதுப் பையும் ரிலேயும் சேர்த்தே மாற்றுவது மேல்.

வாங்கப் போகிறவருக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு டேப் போதும். மாலையில் நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு, மறுநாள் காலை திரும்பவும் அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பையையோ அதன் குழாயையோ சந்தேகிக்கலாம். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் குமிழி இடத்தைக் காட்டும். முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் வால்வையும் பார்க்க வேண்டும். இரவு முழுக்க வண்டியை விட மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய் நில்லுங்கள். எஞ்சின் மூடியின்மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ அதை எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள்.