கமெரா வேண்டாம் மிஸ்

மூதூர்ப் பிள்ளை. வயது பதினைந்து, முதலாம் வகை நீரிழிவு, தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். (விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகள் மனம்விட்டுப் பேச நான் நடத்தும் ஒன்லைன் குழுவின் முதல் நாள் கமெராவைப் போட்டதும் அவளுக்குப் பின்னால் உம்மாவும் மூத்தம்மாவும். "எப்படி இருக்கீங்க மகள்?" "நல்லம் மிஸ்." அன்று முழுக்க அந்த ஒரு பதில்தான்.

தனி அறை என்பது நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது? அடுத்த வாரம் கமெராவையும் மைக்கையும் நிறுத்திவிட்டு எழுதச் சொன்னேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். சரி, நானும் பழகிக்கொண்டேன். அவள் எழுதினாள்: "இன்டர்வலில் டொய்லெட்டுக்குள் போய்த்தான் ஊசி போடுறேன்." உடனே நிலாவெளிப் பையனிடமிருந்து: "நான் இன்ஹேலர் இழுப்பதும் அங்கேதான்."

இப்படி எழுத வைப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. நெதர்லாந்தின் 'ஒப் கூர்ஸ்' திட்டத்தில் நாட்பட்ட நோயுள்ள 12 முதல் 18 வயதுப் பிள்ளைகள், வாரம் ஒருமுறை, 90 நிமிடம், எழுத்தால் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள். பல நோய்க்காரரும் ஒரே குழுவில். நமக்கு இன்னொரு வசதி, டேட்டா அதிகம் தின்னாது.

"தெரிஞ்சா எல்லாரும் ஒதுக்கிருவாங்க" என்று அவள் ஒருநாள் எழுத, "எல்லாரும் என்றால் எத்தனை பேர்?" என்று கேட்டவன் அந்தப் பையன். நான் கேட்டிருந்தால் பாடம் நடத்துவது போல இருந்திருக்கும். எண்ணிப் பார்த்தாள், மூன்று பேர். அதில் ஒருத்தியிடம் சொல்லிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இப்போது ஊசி போடும்போது அந்தச் சிநேகிதி கதவுக்கு வெளியே நிற்கிறாளாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று. மன அழுத்தத்தில் சுரக்கும் கோர்ட்டிசோலும் அட்ரினலினும் இரத்தச் சீனியை ஏற்றும். ஓ.எல். (சாதாரண தர) சோதனை நெருங்கும்போது அதே சாப்பாடு, அதே இன்சுலின், ஆனாலும் மீட்டரில் எண் கூடலாம். "களவாக இனிப்புத் தின்றாயா?" என்று அதட்டினால், பிள்ளை அளப்பதையே விட்டுவிடும். எண் கூடியதைக் கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், பிள்ளை எழுதுவதைத் தோளுக்கு மேலால் எட்டி வாசிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உங்களுக்குச் சொல்வோம். அதைப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். எழுத்தில் முகம் தெரியாது, அது இதன் பெரிய குறை. திடீரென்று ஒருவர் மௌனமானால் அழைக்க, வீட்டாரின் நம்பரை முன்கூட்டியே வாங்கி வைப்பேன்.

சாக வேண்டும் போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அடுத்த வாரக் குழுவுக்குக் காத்திருக்க வேண்டாம். இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926, இரவிலும் எடுப்பார்கள்.